நாற்பத்திரண்டு நாளும் ஓர் எலுமிச்சங்கன்றும்

ஜொஹராக்கா ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அன்று காலையில் எங்கள் வாசலில் வந்து நின்றபோது அவர் கையில் பயணப்பெட்டி இல்லை, பூச்சட்டி இருந்தது. சட்டிக்குள் ஒரு சாண் உயரத்துக்கு எலுமிச்சங்கன்று. பதினொரு இலை. அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். அப்புறம் தினமும் எண்ணினேன்.

மலேசியாவின் ஈப்போவில் இந்த அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எட்டாவது மாடியில் அவர் கதவும் என் கதவும் நேருக்கு நேர். அவர் வீட்டுக்காரர் ஜைனுலாப்தீன் அண்ணன் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். போன வருஷம் கடைச் சமையலறையில் எலுமிச்சம்பழம் நறுக்கும்போது ஒரு விதை பழத்துக்குள்ளேயே முளைவிட்டிருந்ததாம். தூக்கிப்போட மனசு வராமல் ஜொஹராக்கா அதை ஒரு காப்பிக் கோப்பையில் ஊன்றிவைத்தார். அன்று மத்தியானமே, பதிமூன்று வருஷமாகக் காத்திருந்த ஹஜ் கடிதம் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அந்தக் கன்றுக்கு அவர் வீட்டில் ஓர் ஆளுக்குரிய மரியாதை.

"மங்களம், வேற வீட்டுல குடுக்கலாம்னு இவரு சொன்னாரு. நான்தான் ஒங்கிட்டயே குடுப்போம்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா, பழசெல்லாம் மறந்துடுச்சா?"

"எப்படி மறக்கும்? ரெண்டு நாளு பாத்துக்கன்னு குடுத்த மணி பிளான்ட்ட கொன்னவ நீதான். அதனாலதான் இத பயந்து பயந்து பாத்துப்ப லா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சட்டியை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டே, "வயசாயிடுச்சு புள்ள. போயிட்டு நல்லபடியா வருவேனான்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு. கடுதாசி வந்த அன்னைக்கு மொளச்சது இது. இது பச்சையா இருக்குன்னு தெரிஞ்சா நான் அங்க நிம்மதியா நிப்பேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு படம் அனுப்பு" என்றார்.

"நீங்க திரும்பி வர்றப்போ இது பச்சையா இருக்கும்க்கா. நான் பொறுப்பு" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். கூடவே ஒரு தாளும் கொடுத்தார். காலை வெயில் படும் சன்னல் ஓரம் வைக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தடவை அரைக் கோப்பைத் தண்ணீர், அதுவும் மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும். உரம் வேண்டவே வேண்டாம். கடைசி வரியை இரண்டு தடவை கோடிட்டிருந்தார்.

எங்கள் வீட்டில் காலை வெயில் விழுவது வாசல் நடையில் இருக்கும் சன்னலில்தான். செருப்பு அலமாரிக்குப் பின்னால், கூடத்திலிருந்து பார்த்தால் தெரியாத மூலை. அங்கேயே வைத்தேன்.

அந்தச் சமயத்தில் வீட்டில் இன்னொரு கன்றும் இருந்தது. என் பேரன் ஷர்வின் பிறந்து எட்டு நாள். மருமகள் புனிதாவின் அம்மா தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நீண்ட லீவு கிடைக்கவில்லை. மகன் யுகேந்திரனுக்கு லூமுட்டில் வேலை, சனி ஞாயிறுதான் வருவான். அதனால் பத்தியம், எண்ணெய் தேய்ப்பு, சாம்பிராணி எல்லாம் என் தலையில். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளைக்கு ஆலம் சுற்றுவேன். மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பு கொஞ்சம் தாராளமாகவே போட்டால்தான் எனக்குத் திருப்தி. தண்ணீர் இரத்தச் சிவப்பாக மாற வேண்டும். மூன்று சுற்றுச் சுற்றி, பொட்டு வைத்து, கிண்ணத்தை என் வீட்டுக்காரர் அர்ச்சுனன் கையில் கொடுப்பேன். அவர் கீழே கொண்டுபோய், கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமரத்தடியில் ஊற்றிவிட்டு வருவார். யார் காலும் படக் கூடாது இல்லையா, அதற்காக.

முதல் மூன்று வெள்ளிக்கிழமையும் படம் ஒழுங்காகப் போனது. கன்று இரண்டு புது இலைகூட விட்டது. ஜொஹராக்கா மக்காவிலிருந்து பூப் படமும் கை கூப்பும் படமும் அனுப்பினார். எனக்கு ஒரே பெருமை. அதில் ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனித்தும் கவனிக்காமல் விட்டேன். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு மண் காயவே இல்லை. விரலை வைத்தால் எப்போதும் ஈரம். தாளில் எழுதியபடி, காயாத மண்ணுக்கு நான் தண்ணீர் ஊற்றவில்லை. இந்தக் கன்றுக்குத் தாகமே எடுக்காது போல, எவ்வளவு சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் நாள் காலையில் பார்த்தால் மேலே இருந்த இலைகள் வெளுத்திருந்தன. மறுநாள் மஞ்சள். அதற்கு மறுநாள் புதிதாக விட்ட குருத்து, பழைய பூண்டுத் தோல் நிறத்தில் வந்தது.

"என்னங்க, ஜொஹராக்கா கன்னு மஞ்சளா போவுது."

"வெயிலா இருக்கும்" என்றார் அவர், பேப்பரை இறக்காமல்.

பூச்சட்டி விற்கும் கடைக்குப் போனேன். மஞ்சள் என்று நான் சொன்னதும் கடைக்கார அங்கிள் எந்த இலை, எந்த மண் என்று ஒன்றும் கேட்கவில்லை. பச்சைப் பச்சையாய் மணி போல இருந்த உரத்தை எடுத்து நீட்டினார். இரண்டு தடவை கோடிட்ட வரி மனசில் ஓடியது. ஓடட்டும் என்று ஒரு கைப்பிடி போட்டேன். இரண்டே நாளில் நன்றாக இருந்த கீழ் இலைகளின் நுனியும் கருகிவிட்டது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வந்தபோது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்றாவது வாரம் எடுத்த படத்தில் இன்னொன்று மிச்சம் இருந்தது, கொஞ்சம் பக்கவாட்டில் எடுத்தது. அதை அனுப்பினேன். ஜொஹராக்காவிடமிருந்து ஒரு கை கூப்பு மட்டும் வந்தது. பூ வரவில்லை.

இனி தாங்காது என்று என் அண்ணன் கார்த்திகேசுவுக்குப் போன் போட்டேன். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக, மேஸ்திரியாக இருந்து, ரப்பர் கன்றுக்கும் பிறகு எண்ணெய்ச் செம்பனைக்கும் ஆட்களை வைத்து உரம் போட்டவர். தோட்டம் பாதி வீடுகளாகிவிட்டது; அவர் மட்டும் இன்னும் மண்டோர்தான்.

"மஞ்சளா? நரம்பு எப்படி இருக்கு?"

"நரம்பு பச்சையா இருக்கு அண்ணே. நடுவுலதான் மஞ்சள்."

"பேசாத. எனக்கு தெரிஞ்சிடுச்சு. நாளைக்கு வாரேன்."

மறுநாள் மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வாயில் வெற்றிலை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கன்றைத் தூக்கிக் கூடத்து மேசையில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"இங்க பாரு. மீன்முள்ளு மாதிரி நரம்பு மட்டும் பச்ச. இது மெக்னீசியம் பத்தல. ரப்பர் கன்னுல இப்படி வந்தா நாங்க யாரையும் கேக்க மாட்டோம், கீசரைட்டு உரம் போடுவோம். இந்தா, கொண்டாந்துருக்கேன்."

"போட்டுடுங்க மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர். விஷயம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்பது போல இருந்தது அவர் குரல். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

புனிதா நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஏப்பம் எடுத்துக்கொண்டிருந்தாள். இடைநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர் அவள். முப்பது நாளுக்கு மேலாய் வீட்டை விட்டு வெளியே போகாமல், சுவரில் ஓடும் பல்லியின் நடமாட்டம் வரை மனப்பாடம் செய்திருந்தாள்.

"பெரிய மாமா, கொஞ்சம் இருங்க. ரப்பர் கன்னுல அந்த மஞ்சள் எந்த எலைல முதல்ல வரும்?"

"எலைலதான் வரும். வேருலயா வரும்?"

"கீழ இருக்கிற பழைய எலையிலயா, மேல குருத்துலயா?"

அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். "பழசுலதான் வரும்."

"இதுல எங்க வந்துருக்கு?"

நாங்கள் மூன்று பேரும் குனிந்தோம். கீழே இருந்த ஏழு இலையும், நான் கருக்கிய நுனியைத் தவிர்த்தால், கரும்பச்சை. நடு இலைகள் நான்கில் வலை போட்டது போல மஞ்சள். உச்சியில் இருந்த மூன்றும் வெளிறிப் போயிருந்தன. இத்தனை நாள் தினமும் இலையை எண்ணியவள் நான். எது பழசு எது புதுசு என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

"மெக்னீசியம் பத்தலன்னா செடி என்ன செய்யும் தெரியுமா அத்தை? பழைய எலையில இருக்கிறத எடுத்து குருத்துக்கு குடுத்துடும். நைட்ரஜனும் அப்படித்தான். மூத்தவன் தட்டுல இருந்து எடுத்து கடைக்குட்டிக்கு வைக்கிற மாதிரி. அதனால கீழதான் முதல்ல மஞ்சளாகும். இரும்பு அப்படி இல்ல. ஒரு தடவ ஒரு தட்டுல பரிமாறிட்டா அங்கயே இருந்துடும், எடுக்க முடியாது. புதுசா வர்றவன்தான் பட்டினி. இது இரும்புச் சத்து ஏறல."

"இரும்பா?" அண்ணன் நிமிர்ந்துவிட்டார். "இது யாரு குடுத்த மண்ணுன்னு தெரியுமா ஒனக்கு? ஜொஹரா கேட்டுச்சின்னு நான் மூட்டையில கட்டி மோட்டார்ல வச்சு கொண்டாந்த மண்ணு. தோட்டத்துச் செம்மண்ணு. அந்தச் செவப்பே இரும்புதாம்மா. அதுல இரும்பு இல்லன்னா லூமுட் கடல்ல உப்பு இல்லன்னு சொல்லலாம்."

"இல்லன்னு சொல்லல மாமா. ஏறலன்னு சொல்றேன்."

"இருந்தா ஏறும். அது என்ன லிஃப்ட்டா, ரிப்பேராகி நிக்க?"

என் வீட்டுக்காரர் இருமினார்.

இவர்கள் வாய்ச்சண்டை முடியாது என்று நான் அடுப்படிக்குப் போனேன். நாலு மணி ஆகிவிட்டது. புனிதாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரை. பத்தியக்காரப் பெண் வெறும் தண்ணீரிலா விழுங்குவாள் என்று தினமும் ஒரு டம்ளர் சூடான பாலோடுதான் கொடுப்பேன். அன்றும் அப்படியே கொண்டுவந்து நீட்டினேன்.

புனிதா பாலைப் பார்த்தாள். மாத்திரையைப் பார்த்தாள். பிறகு கன்றைப் பார்த்தாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. கிளினிக்ல நர்ஸு மிஸி என்ன சொன்னாங்கன்னா, இந்த மாத்திரைய பாலோட சாப்புடக்கூடாது. பாலுல இருக்கிற கால்சியம் இரும்ப ஒடம்புல ஏற விடாதாம்."

"அப்ப இத்தன நாளா?"

"பால அப்பவே குடிச்சிடுவேன். மாத்திரைய தலகாணிக்கு கீழ வச்சிட்டு, ராத்திரி சோத்துக்கு முன்னாடி முழுங்கிடுவேன். ஒங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல."

எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சிரிப்பு. அவளோ என்னைக் கவனிக்கவே இல்லை. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பெரிய மாமா, நீங்க சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. மண்ணுல இரும்பு நெறைய இருக்கு. யாரோ கூட பால் குடுக்குறாங்க."

"செடிக்கு யாரும்மா பால் குடுப்பா?"

"பால்னா பால் இல்ல. சுண்ணாம்பு மாதிரி எதாவது. ஒங்க மண்ணு புளிப்பு மண்ணு. அதுல இரும்பு கரையும், வேர் குடிக்கும். சுண்ணாம்பு விழுந்தா புளிப்பு செத்துடும். இரும்பு இருந்த எடத்துலயே கல்லு மாதிரி ஒக்காந்துக்கும். மேல பாருங்க, மண்ணு மேல வெள்ளையா ஏடு கட்டியிருக்கு."

"அது உரத்து உப்பு" என்றேன். நானே போட்டதாயிற்றே.

"உப்பா சுண்ணாம்பான்னு இப்ப பாத்துடலாம். அத்தை, சூக்கா போத்தல கொண்டாங்க."

சூக்கா என்றால் எங்கள் ஊரில் காடி, வினிகர். மீன் கழுவ வைத்திருந்த போத்தலை எடுத்துவந்தேன். வெள்ளை ஏட்டில் ஒரு கரண்டி சுரண்டி, செடிக்குப் படாமல் சாசரில் போட்டாள். மேலே நாலு சொட்டுக் காடி விட்டாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தோம். சோடா திறந்தது போல ஸ்ஸ் என்று சத்தம் வந்து, மண் நுரைத்துப் பொங்கியது.

"சுண்ணாம்பு" என்றாள் புனிதா. வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு நிற்பாளே, அந்த முகம்.

அண்ணன் சாசரைத் தூக்கிப் பார்த்தார். "என் மண்ணுல இது இல்ல" என்றார் மெதுவாக. "முப்பது வருஷத்துல அந்த மண்ணு பொங்கி நான் பாத்ததில்ல. இது யாரோ செஞ்ச வேல."

மூன்று தலையும் ஒரே சமயத்தில் அவர் பக்கம் திரும்பின. வாய் நிறைய வெற்றிலை. சட்டைப் பையில் சுண்ணாம்பு டப்பா.

"டேய், என்னய பாக்காதீங்க. நான் வந்தே ஒன்ற மணி நேரம் ஆவுது."

"போன மாசம் பேரனப் பாக்க வந்தப்ப வெரல எங்க தொடச்சீங்க அண்ணே?"

"என் வேட்டியிலதான் தொடச்சேன். சாமி சத்தியமா. வெரல்ல ஒட்டுற சுண்ணாம்புல ஒரு சட்டி மண்ணு பொங்குமா? இது கோப்பை கோப்பையா ஊத்துனது."

அது நியாயமாகத்தான் இருந்தது. யாராக இருக்கும், மேல்மாடியிலிருந்து ஒழுகுகிறதா, பெயின்ட் அடித்தபோது விழுந்ததா என்று ஆளுக்கொன்று சொன்னோம். அதற்குள் ஆறு மணி ஆகிவிட்டது. நான் பேசிக்கொண்டே சாமி மாடத்திலிருந்து கிண்ணத்தை எடுத்தேன். பேசிக்கொண்டே மஞ்சளைக் கரைத்தேன். "எவன்டா அவன், அடுத்தவங்க கன்னுல சுண்ணாம்பு கொட்டுனவன்" என்று கேட்டுக்கொண்டே ஒரு விரல் நிறைய சுண்ணாம்பை எடுத்து அதில் கலக்கினேன். தண்ணீர் சிவந்தது. பிள்ளைக்குச் சுற்றிப் பொட்டு வைத்து, கிண்ணத்தை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

அவர் கை நீளவில்லை.

"மாமா," புனிதா ரொம்பப் பணிவாகக் கேட்டாள், "இத நீங்க தினமும் எங்க ஊத்துறீங்க?"

"கீழதான்."

"கீழ எங்க மாமா?"

"எப்பவும் போல மாமரத்தடியில."

"மாமரத்த வெட்டி ரெண்டு வாரமாச்சு மாமா. கார் நிறுத்த எடம் பத்தலன்னு வெட்டுனாங்க. எனக்கு வேற என்ன வேல, சன்னல்லயே நின்னு முழுசா பாத்தேன்."

அண்ணன் வெற்றிலைச் சாற்றை விழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

"ரெண்டாவது வாரம் லிஃப்ட் ரிப்பேர்" என்று என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார். "எட்டு மாடி. எனக்கு முட்டி வலி. ஒரு நாளு மட்டும்னு நெனச்சேன். மண்ணு வேணும், செடி வேணும், யாரு காலும் படக்கூடாது. நீ சொன்ன எல்லாமே அந்தச் சட்டியில இருந்துச்சி. வேற எங்க ஊத்த?"

"லிஃப்ட் மூணே நாள்ல சரியாயிடுச்சே?"

"பழகிடுச்சி."

"கதவு தெறந்து மூடுற சத்தம் கேக்குமே. அஞ்சு நிமிஷம் கழிச்சுதானே உள்ள வருவீங்க?"

"வெளிய நின்னு போன் பாத்துட்டு வருவேன்."

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன்தான் முதலில் சிரித்தார். பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து மேசையில் தட்டி வைத்து, "மச்சான், பழிய என் மேல போட்டு ஒக்காந்து வேடிக்க பாத்தீங்களே" என்றார். புனிதா சிரித்ததில் பிள்ளை விழித்து அழ ஆரம்பித்தது. அன்றைய ஆலத் தண்ணீரோடு என் வீட்டுக்காரர் எட்டு மாடியும் படியில் இறங்கினார். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் விடவில்லை.

சிரித்து முடித்ததும் எனக்குப் பழைய பயம் திரும்பியது. ஜொஹராக்கா வர இன்னும் பதினோரு நாள்.

"புது மண்ணுல மாத்தணும்" என்றாள் புனிதா. "ஆனா வேரு பழகி, இரும்பு எடுத்து, குருத்து பச்சையாக நாளாகும். பதினோரு நாளு பத்தாது."

"வேர நம்பிக்கிட்டு ஏன் நிக்கணும்?" என்றார் அண்ணன். தோட்டத்து மண்டோர் அவருக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நர்சரியில வேரு சொணங்குனா நாங்க எல வழியா குடுப்போம். இரும்பு உரம்னு தூளு விக்கிது. தண்ணியில கரைச்சு, வெயிலுக்கு முன்ன காலைல எலையில பனி மாதிரி அடிக்கணும். ரொம்ப கலக்கக் கூடாது, கருகிடும்."

"அதுதான் பெரிய மாமா, அதேதான்" என்றாள் அவள். அண்ணன் வெற்றிலையை மென்றபடி சுவரைப் பார்த்தார். அவருக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளே மோட்டார் சைக்கிளில் ஒரு மூட்டைச் செம்மண் வந்தது. புனிதா ஒரு சிட்டிகை எடுத்துக் காடி விட்டுப் பார்த்தாள், பொங்கவில்லை. "நான் சொல்லல?" என்று அண்ணன் நாலு தடவை கேட்டார். வேரில் ஒட்டிய மண்ணைப் பூப்போல உதிர்த்துக் கன்றை மாற்றி வைத்தோம். இரும்புத் தூளை என் வீட்டுக்காரர்தான் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கி வந்தார். காலையில் துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலால் நான் அடித்தேன். நாலு நாள் கழித்து இன்னொரு தடவை.

இரண்டு வெள்ளிக்கிழமை குறுக்கே வந்தன. இரண்டு முறையும் பழைய படத்தைத்தான் அனுப்பினேன். ஒன்றை ஓரம் வெட்டி அனுப்பினேன். இன்னொன்றை வெளிச்சம் கூட்டி. இரண்டுக்கும் ஒரு கை கூப்பு வந்தது.

முப்பத்தெட்டாம் நாள், வெளிறிக் கிடந்த உச்சி இலைகளில் திட்டுத் திட்டாகப் பச்சை தெரிந்தது. நாற்பதாம் நாள் மூன்றும் பச்சை. அதற்கும் மேலே ஊசி போல ஒரு புதுக் குருத்து, இளம்பச்சையில். நான் அடுப்படியிலிருந்த புனிதாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து காட்டினேன். ஆனால் நடுவில் இருந்த நான்கு இலை மட்டும் முழுசாய்த் தேறவில்லை. வலை போட்ட மஞ்சள் அப்படியே நின்றது.

"அந்த நாலையும் கிள்ளிடலாமா?" என்று கேட்டேன்.

"கிள்ளலாம்" என்றாள் புனிதா. "ஆனா அந்த நாலும் கொஞ்சம் சமைச்சு குடுத்துக்கிட்டுதான் இருக்கு. நாம மறைக்கிறதுக்காக செடி பட்டினி கெடக்கணும்."

கத்தரிக்கோலை எடுத்தேன். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

நாற்பத்திரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு ஜொஹராக்கா வந்தார். கறுத்து, மெலிந்து, முகம் மட்டும் பளிச்சென்று. தன் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. பெட்டிகளை ஜைனுலாப்தீன் அண்ணனிடம் விட்டுவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, என்னைக் கட்டிக்கொண்டு, என் தோளுக்கு மேலாகவே சன்னலைப் பார்த்தார்.

சட்டிக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கீழ் இலையைத் தொட்டார். உச்சியைத் தொட்டார். குருத்தைத் தொடாமல் பார்த்தார். பிறகு விரல் நடுவுக்கு வந்து நின்றது.

"இந்த நாலும் என்ன மங்களம்?"

சொன்னேன். கடையில் வாங்கிய உரத்திலிருந்து, சாசரில் பொங்கிய மண், வெட்டிய மாமரம், இரும்புத் தூள் வரை ஒன்று விடாமல் சொன்னேன். என் வீட்டுக்காரர் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில், "படமும் பழைய படம்தான்க்கா. மூணு வாரமா ஒங்கள ஏமாத்திட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றார் ஜொஹராக்கா.

"எப்படி?"

"மூணு வாரமா ஒன் சன்னலுக்கு வெளிய ஒரே நீலத் துண்டு காயுது. ஒரே கிளிப்பு. காயாம இருக்க அது என்ன கம்பளமா?"

"ஏன்க்கா கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். நான் அங்க நின்னுக்கிட்டு ஒன்ன எதுக்கு பொய் சொல்ல வைக்கணும்? செத்துருந்தா நீ போன் பண்ணி அழுதுருப்ப. படம் வருதுல்ல, அப்ப நீ எதோ போராடிக்கிட்டு இருக்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதுவே போதும்னு நிம்மதியா நின்னேன்."

நல்ல வேளை, அவர் அதை நீட்டவில்லை. மடியில் ஷர்வினை வாங்கிக்கொண்டு, முகத்தைச் சுளித்து என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு வெளங்கல. இந்தப் புள்ள மேல பட்ட கண்ணையெல்லாம் கழிச்சு எடுத்து, என் கன்னு தலையிலயா தினமும் ஊத்துனீங்க?"

"அப்படி யோசிக்கல தங்கச்சி."

"யோசிங்க. ஊரு கண்ணு பூரா குடிச்சும் பொழச்சு நிக்கிதுன்னா இது லேசுப்பட்ட கன்னு இல்ல. மொத காய் காய்ச்சா இவனுக்குத்தான், ஒங்களுக்கு கெடையாது."

புனிதா சிரித்துக்கொண்டே தேநீர் கலக்கப் போனாள். ஜொஹராக்கா கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை அவளுக்கு எடுத்து வைத்து, இது இரும்புச் சத்து, பாலோடு கொடுக்காதே என்று என்னிடம் சொன்னார். அதற்குள் அந்தக் கதையும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆறு மணி ஆனது. நான் மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைக் கலந்து, பிள்ளைக்குச் சுற்றி, கிண்ணத்தை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதை ஏந்திக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

ஜொஹராக்கா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். அவருக்கு முன்னால் போய்ச் சட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்தபடி அவரைத் தாண்டிப் போனார். கதவு திறந்து மூடியது. நடையில் அவர் செருப்புச் சத்தம் தேய்ந்து, லிஃப்ட் வந்து நிற்கும் மணி அடித்து, அது கீழே இறங்கும் சத்தமும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் ஜொஹராக்கா சட்டியைக் கீழே வைத்தார்.